முன் சீட்டு யாருக்கு?

பஸ் ஏறினால் குமட்டல், மலைப்பாதை என்றால் நடுக்கம், கார் பயணம் என்றால் பட்டினி. வீட்டுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். கோளாறு அவர் வயிற்றில் இல்லை.

காலை பத்து மணி. காஞ்சிபுரம் காந்தி சாலையில் ஒரு வேன் வந்து நிற்கிறது. போளூர் பக்கத்திலிருந்து முகூர்த்தப் புடவை எடுக்க வந்த கூட்டம். பெரியம்மா, அத்தை, இரண்டு சித்தப்பாக்கள், வாண்டுகள் என்று பதினாலு பேர். வரும் வழியிலேயே ஆரணி, அதுவும் பட்டுக்குப் பேர்போன ஊர்தான். இருந்தாலும் தாலி கட்டும் நேரத்துப் புடவையைக் காஞ்சிபுரத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் பிடிவாதம். கதவு திறந்ததும் எல்லோரும் கடையைப் பார்த்து நடக்கிறார்கள். கடைசியாக இறங்குகிறாள் கல்யாணப் பெண்.

முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளங்கையில் கசங்கிப்போன எலுமிச்சம்பழம். தலையில் வைத்த மல்லிகைச் சரத்தை எப்போதோ பிடுங்கி மடியில் போட்டிருக்கிறாள். வேனின் பின்சக்கரத்தை ஒட்டிக் குனிகிறாள். பெரியம்மா நெற்றியைத் தாங்கிப் பிடிக்கிறார். வாய் கொப்புளித்து, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் போய்ச் சம்மணமிட்டு உட்காரும்போதும் தரை ஆடுகிறது. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டு விரிகிறது. ஆயுளுக்கும் பீரோவில் வைத்துப் பார்க்கப்போகும் புடவையை அவள் அரை மயக்கத்தில் தேர்ந்தெடுக்கிறாள்.

வேனில் அவள் உட்கார்ந்து வந்தது கடைசி வரிசையில், பின்சக்கரத்துக்கும் பின்னால். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் வந்தவர் குடும்பத்தின் மூத்தவர். வாழ்க்கையில் ஒருநாளும் பயணத்தில் குமட்டல் காணாதவர்.

கல்யாண மாதங்களில் காந்தி சாலைக்குப் பழகிய காட்சி இது. புடவை எடுக்க வரும் வேன்கள், காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் ஒரே நாளில் பார்க்க வரும் சுற்றுலா பஸ்கள், இங்கிருந்து திருப்பதிக்கும் திருவண்ணாமலைக்கும் கிளம்பும் குடும்பங்கள் என்று ஊர் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வண்டியிலும் ஒருவராவது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி வருகிறார். ‘எனக்கு பஸ் ஒத்துக்காது’ என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடும் இந்த அவஸ்தைக்குப் பெரும்பாலான வீடுகளில் கிடைப்பது கிண்டல், இல்லாவிட்டால் எரிச்சல். இரண்டுக்கும் நியாயமே கிடையாது.

காதுக்குள் ஒரு மட்டப் பலகை

பயண வாந்தி வயிற்றில் முடிகிறது, ஆனால் அங்கே தொடங்குவதில்லை. தொடங்குமிடம் காது.

செவிப்பறைக்கும் உள்ளே, எலும்புக்குள் புதைந்து, பட்டாணி அளவு இடத்தில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். தலை திரும்பினால் குழாய் உடனே திரும்பும், திரவம் ஒரு கணம் பின்தங்கும். அந்தத் தாமதத்தை நுண்ணிய ரோமங்கள் உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள், அவற்றில் சுண்ணாம்புத் துகள்கள். வண்டி வேகமெடுத்தாலும் பிரேக் போட்டாலும் பள்ளத்தில் இறங்கினாலும் துகள்கள் சரியும். கொத்தனார் கையிலிருக்கும் ரசமட்டத்தைப் போல இந்த அமைப்பு இரவும் பகலும் உடம்பின் நிலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இப்போது அந்த வேனின் கடைசிச் சீட்டுக்கு வாருங்கள். காது ‘திரும்புகிறோம், ஏறுகிறோம், குலுங்குகிறோம்’ என்கிறது. கண்ணோ முன்சீட்டின் முதுகையோ கையிலிருக்கும் செல்போனையோ பார்த்துக்கொண்டு ‘எதுவும் அசையவில்லையே’ என்கிறது. இரண்டும் பொருந்தவில்லை. காஞ்சிபுரம் நெசவில் உடலையும் கரையையும் தனித்தனி நாடா ஓட்டி, இழையோடு இழை மாட்டி இணைப்பதற்குக் கோர்வை என்று பெயர். மூளை நொடிக்கு நொடி செய்வதும் அப்படியொரு கோர்வைதான். கண்ணிலிருந்து வரும் இழையும் காதிலிருந்து வரும் இழையும் மாட்டாதபோது கொட்டாவி, எச்சில் ஊறுதல், குளிர்ந்த வியர்வை, பிறகு வாந்தி. ஜேம்ஸ் ரீசன், பிராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1975-ல் எழுதிய நூலில் விரிவாக வைத்த இந்த ‘புலன் முரண்’ விளக்கத்தைத்தான் மருத்துவம் இன்றும் அடிப்படையாகக் கொண்டிருக்கிறது.

சரி, அதற்கு ஏன் வாந்தி எடுக்க வேண்டும்? 1977-ல் டிரைஸ்மன் என்ற ஆய்வாளர் ஒரு பதில் சொன்னார். கண்ணும் காதும் குழம்புவது இயற்கையில் பெரும்பாலும் விஷம் உள்ளே போனால்தான். அதனால் மூளை சாப்பிட்டதை வெளியே தள்ளச் சொல்கிறது. இது ஊகம்தான், இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் காதுதான் காரணம் என்பதில் சந்தேகம் வேண்டாம். அதற்குச் சாட்சி அமெரிக்காவின் கலாடெட் கல்லூரியைச் சேர்ந்த 11 ஆண்கள். காது கேளாதவர்கள். அவர்களில் 10 பேருக்கு மூளை உறைக் காய்ச்சலில் கேட்கும் திறனோடு உட்காதின் சமநிலைத் திறனும் போயிருந்தது. 1950-களின் கடைசியில் தொடங்கி அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் விண்வெளிப் பயண ஆராய்ச்சிக்காக அவர்களைச் சுழற்றிப் பார்த்தன, கவிழ்த்துப் பார்த்தன. கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையோரக் கொந்தளிப்பில் ஒரு படகில் ஏற்றியபோது அவர்கள் உட்கார்ந்து சீட்டு விளையாடினார்கள். கூடப் போன ஆய்வாளர்கள் வாந்தியில் சுருண்டு விழுந்ததால் சோதனையே நிறுத்தப்பட்டது.

மனத்திடம் இல்லாதவர்களுக்குத்தான் இது வரும் என்று பேசுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லலாம். காது ஒழுங்காக வேலை செய்கிற எவருக்கும், போதுமான ஆட்டம் கொடுத்தால், வாந்தி வரும். சிலருக்கு எல்லை சீக்கிரம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

குழித்தறியில் ஏன் தலை சுற்றுவதில்லை?

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. தரையில் வெட்டிய குழிக்குள் கால்கள், மிதிகளை மாறி மாறி அழுத்துகின்றன. கை நாடாவை வீசுகிறது. உடம்பு தாளத்தோடு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது. கண் மட்டும் பாவின்மேல், ஒரு சாண் தூரத்தில், மணிக்கணக்காக நிலைத்திருக்கிறது. ஆடும் உடம்பு, அசையாத பார்வை என்று கணக்குப் பார்த்தால் அவருக்குத்தான் முதலில் குமட்ட வேண்டும். குமட்டுவதில்லை.

காரணம், அந்த ஆட்டத்தை உண்டாக்குகிறவர் அவரே. அடுத்த நொடி உடம்பு எந்தப் பக்கம் போகும் என்பது மூளைக்கு முன்கூட்டியே தெரியும். பஸ் டிரைவருக்கு வாந்தி வராததும் இதனால்தான். வளைவு வருவதற்கு முன்பே அவர் கண் வளைவைப் பார்த்துவிடுகிறது, கை ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது, உடம்பு தானாகச் சாய்ந்துகொடுக்கிறது. அதே டிரைவரை லீவு நாளில் இன்னொருவர் ஓட்டும் வேனின் கடைசிச் சீட்டில் உட்கார வைத்தால் அவருக்கும் வயிற்றைப் புரட்டலாம்.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. அடுத்து என்ன வரப்போகிறது என்பதைப் பார்க்க முடிகிறவருக்குக் குமட்டல் குறைகிறது.

■ பெட்டி: கொண்டை ஊசிக் கணக்கு

தமிழ்நாட்டு மலைப்பாதைகளில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் போட்டுப் பலகை வைத்திருப்பார்கள். கொல்லிமலைக்கு 70. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40. ஊட்டி–மசினகுடி இடையே கல்லட்டிப் பாதையில் 36. சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு 14. காஞ்சிபுரத்துக்காரர்கள் ஒருநாள் சுற்றுலாவாகப் போய்வரும் ஏலகிரிக்கும் 14. கடையெழு வள்ளல்களின் பெயர்களும் புலவர்களின் பெயர்களும் அந்த வளைவுகளுக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன. திருமலைக்கு இரண்டு பாதைகள். 1944-ல் திறந்த முதல் பாதை இப்போது இறங்குவதற்கு, 1974-ல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு.

வளைவு எத்தனை என்பதைவிட எந்தக் கதியில் வருகிறது என்பதுதான் வயிற்றைப் புரட்டுகிறது. ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை வந்துபோகும் மெதுவான ஆட்டம்தான் மிக அதிகமாகக் குமட்ட வைப்பது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கப்பலும் மலைப்பாதை பஸ்ஸும் ஏறக்குறைய அந்தக் கதியில்தான் ஆட்டுகின்றன. குதிரையில் வேகமாகப் போகிறவருக்கும் மேடுபள்ளத்தில் பைக்கில் போகிறவருக்கும் உடம்பு வலிக்குமே தவிர வாந்தி வருவது அபூர்வம்.

‘விசேஷமா?’

இரண்டு வயதுக்குக் கீழே பயணக் குமட்டல் அரிது. பள்ளிக்கூட வயதில் உச்சத்துக்குப் போய், பதின்வயதில் பலருக்குக் குறைகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மாதவிலக்கு நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் இன்னும் கூடும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு ரொம்பவே அதிகம். குடும்பத்திலும் ஓடும், 80,000-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, பயணக் குமட்டலோடு தொடர்புள்ள 35 இடங்களைக் கண்டது. அம்மாவுக்கு பஸ் ஒத்துக்காது, பெண்ணுக்கும் ஒத்துக்காது என்றால் அது செல்லம் கொடுத்துக் கெட்ட பழக்கம் இல்லை.

பெண்களுக்கு இதில் கூடுதலாக ஒரு துன்பம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டாரோடு எங்காவது போகும்போது வழியில் வாந்தி எடுத்தால் உடனே ஒரு கேள்வி வரும்: ‘என்னம்மா, விசேஷமா?’ இல்லை என்று சொல்லும்போது அந்தப் பெண் ஏதோ குற்றம் செய்தவளைப் போல நிற்க வேண்டியிருக்கிறது. குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்தக் கேள்வி வாந்தியைவிடக் கசக்கும். கல்யாணத்துக்கு முன்பே என்றால் கேள்வி வாயில் வராது, பார்வையில் வரும். காந்தி சாலையில் வேனுக்குப் பின்னால் மறைந்து குனிகிற பெண், யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பது இதனால்தான். அடுத்த முறை அவள் முதல்நாள் இரவிலிருந்தே பட்டினி கிடப்பாள். வெறும் வயிறும் குமட்டலை அதிகமாக்கும்.

குழந்தைகளுக்கு நடப்பது வேறு. ‘உன்னால எல்லாருக்கும் கஷ்டம்’ என்று ஒருமுறை சொன்னால் போதும், பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்க மாட்டார்கள். வாந்தி வருவதற்கு வெகுநேரம் முன்பே குழந்தை சொல்லிவிடுகிறது, பெரியவர்களுக்குத்தான் புரிவதில்லை. பேசிக்கொண்டே வந்த குழந்தை சட்டென்று அமைதியாகும். கொட்டாவி விடும். உதடு வெளிறும். ‘தூக்கம் வருதுபோல’ என்று நினைப்போம். அந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நடக்கவிட்டால் பல வாந்திகள் வராமலே போகும்.

பெரியவர்களின் கணக்கில் இன்னும் நிறைய விட்டுப்போகிறது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன டாக்டரின் சீட்டு அலமாரியிலேயே கிடக்கும், காரணம் கேட்டால் ‘அவ்வளவு தூரம் பஸ்ல முடியாது’ என்பார்கள். அண்ணன் மகள் வளைகாப்புக்குப் போகாத அத்தைக்கு வீராப்பு என்று உறவு முழுக்கப் பேசும், அவருக்கோ வழியிலிருக்கும் மலைப்பாதைதான் பயம். திருமலைக்கு அலிபிரியிலிருந்து 3,550 படிகளையும் ஏறுகிறவர்களில், வேண்டுதலோடு இதையும் ஒரு காரணமாக வைத்திருப்பவர்கள் உண்டு. படி ஏறினால் கால் வலிக்கும், குமட்டாது.

கம்பெனி பஸ்ஸில் ஒரு தலைமுறை

காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் குறைந்த தெருக்களில் இப்போது விடிவதற்கு முன்பே வேறொரு சத்தம் கேட்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலைகளின் கம்பெனி பஸ். தறிக்குழியில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா வீட்டைவிட்டு நகராமல் வேலை செய்தார். மகளும் மகனும் தினமும் போகவும் வரவும் மணிக்கணக்கில் பயணம் செய்கிறார்கள்.

காலையில் சாப்பிட நேரமில்லை. ஏ.சி. பஸ்ஸென்றால் ஜன்னல் திறக்காது. கையில் செல்போன், அதில் ஓடிக்கொண்டே இருக்கும் ரீல்ஸ். குமட்டலுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் திரை அசையாமல் நிற்க, அல்லது வேறு எதற்கோ அசைய, வண்டி தன் போக்கில் குலுங்குகிறது. வாந்தி வராவிட்டாலும் விளைவு உண்டு. பயணத்தின் ஆட்டம் சிலருக்கு வெறும் அசதியாகவும் தூக்கக் கலக்கமாகவும் மட்டுமே தெரியும், இறங்கிய பிறகும் சில மணி நேரம் நீடிக்கும். ஷிப்ட் தொடங்கும்போதே சோர்ந்திருக்கும் தொழிலாளியைச் சூப்பர்வைசர் சோம்பேறி என்று நினைக்கலாம். அந்தத் தொழிலாளிக்கு எந்திரத்தின் முன்னால் ஏற்படும் ஆபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

செல்போன் செய்யும் வேலை நிறுவனங்களுக்கும் தெரிந்தே இருக்கிறது. 2024-ல் ஆப்பிள் தன் போன்களில் ஒரு வசதியைக் கொண்டுவந்தது. வண்டி திரும்பும்போது திரையின் ஓரங்களில் புள்ளிகள் அதற்கேற்ப நகரும், கண்ணுக்கும் ‘நகர்கிறோம்’ என்ற செய்தி போகும். நல்ல முயற்சிதான். போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தூரத்துத் தென்னையைப் பார்த்தால் செலவில்லாமல் அதே வேலை நடக்கும்.

சுக்கும் எலுமிச்சையும்

காஞ்சிபுரம் இட்லி தெரியாதவர்கள் இருக்க முடியாது. வரதராஜப் பெருமாள் கோயிலில் படைக்கும் குடலை இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலையை விரித்து, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் கலந்த மாவை ஊற்றி, மணிக்கணக்காக ஆவியில் வேகவைப்பார்கள். விள்ளும்போதே மூக்கில் ஏறும் அந்தச் சுக்கு வாசனைக்குப் பயணத்தோடு ஒரு சம்பந்தம் உண்டு.

1982-ல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் சுழல் நாற்காலியில் மாணவர்களை உட்கார வைத்துச் சோதித்தபோது, இஞ்சிப் பொடி சாப்பிட்டவர்கள் மாத்திரை போட்டவர்களைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். 1988-ல் டென்மார்க் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் 80 பேரிடம் நடுக்கடலில் சோதித்தபோதும் ஒரு கிராம் இஞ்சி வாந்தியையும் குளிர் வியர்வையையும் குறைத்தது. வேறு சில சோதனைகளில் பலன் தெரியவில்லை. ஆக, இஞ்சி நிச்சயமான மருந்து என்று சொல்ல முடியாது. ஆனால் தூக்கம் வராது, மிதமாகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் இல்லை. பஸ் ஸ்டாண்டில் கிடைக்கும் இஞ்சி மொரப்பாவை வாயில் அடக்கிக்கொள்வது கெட்டிக்காரத்தனம்தான்.

எலுமிச்சம்பழத்தின் கதை வேறு. அது காதை ஒன்றும் செய்வதில்லை. டீசல் புகை, புது சீட் கவர், டேஷ்போர்டில் வைத்த வாசனைப் பாட்டில், பெண்கள் தலையிலெல்லாம் மல்லிகை. குமட்டலின் விளிம்பில் இருப்பவரைத் தள்ளிவிட இவற்றில் ஒன்று போதும். எலுமிச்சை அந்த வாசனைகளை மறைக்கிறது, மனதை வேறு பக்கம் திருப்புகிறது. அந்த அளவுக்கு உதவி. சீட்டுக்கு அடியில் செய்தித்தாளைப் போட்டு உட்காருவது, வயிற்றில் காகிதம் கட்டுவது இவற்றுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. ‘இனி வராது’ என்ற நம்பிக்கையில் பதற்றம் தணிந்தால் அது மட்டும் லாபம்.

மூச்சை மெதுவாக, எண்ணி எண்ணி, ஒரே சீராக விடுவது கைகொடுக்கிறது என்று இங்கிலாந்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல்லவர் காலத்திலிருந்து கோயிலும் தியானமும் உள்ள ஊருக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி சரி. பூரி, பொங்கல், வடை கூடாது. பட்டினியும் கூடாது.

மாத்திரை எப்போது?

1947-ல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஒவ்வாமைப் பிரிவுக்கு ஒரு கர்ப்பிணி வந்தார். தோல் தடிப்புக்காக டாக்டர்கள் லெஸ்லி கே, பால் கார்லைனர் இருவரும் புது மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். திரும்பி வந்தவர் வேறொரு செய்தி சொன்னார். டிராம் ஏறினாலே குமட்டும் தனக்கு, மாத்திரை போட்ட நாட்களில் குமட்டவில்லை என்று. அந்தப் பேச்சை டாக்டர்கள் ஒதுக்கவில்லை. அதே ஆண்டின் கடைசியில் அட்லாண்டிக்கைக் கடந்த போர்வீரர் கப்பலில் சோதித்துப் பார்த்தார்கள். டைமென்ஹைட்ரினேட் என்ற மருந்து இப்படித்தான் உலகுக்குக் கிடைத்தது. ஒரு பெண் தன் டிராம் குமட்டலைப் பற்றிச் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டதால் கிடைத்த மருந்து.

நம் ஊரில் பலருக்கும் தெரிந்தது அவோமின், அதாவது புரோமெதசின். சின்னரிசின், மெக்லிசின் ஆகியவையும் பயன்படுகின்றன. எல்லாமே மூளையில் காதுச் செய்தி போகும் பாதையைத் தணிப்பவை. கடைக்காரரிடம் ‘வாந்தி மாத்திரை’ என்று கேட்டால் டோம்பெரிடோனோ ஆன்டன்செட்ரானோ கைக்கு வரலாம். வயிற்றுக் கோளாறுக்கும் புற்றுநோய் சிகிச்சை வாந்திக்கும் கேட்கிற அவை, பயணக் குமட்டலைத் தடுப்பதில் அவ்வளவாக உதவுவதில்லை. பலர் ‘மாத்திரை போட்டும் நிக்கலை’ என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று நேரம். குமட்டல் தொடங்கியதும் இரைப்பையின் வேலை மந்தமாகிவிடுகிறது, அப்போது விழுங்கும் மாத்திரை அங்கேயே கிடக்கும். வண்டி ஏறுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்.

இவை பெரும்பாலும் தூக்கத்தைக் கொடுக்கும். பஸ் நிறுத்தத்திலிருந்து பைக்கில் வீட்டுக்குப் போகிறவரும் எந்திரத்தின் முன் நிற்கிறவரும் போடக்கூடாது. புரோமெதசினை இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகள், கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்கள், சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

ஹயோசின் என்ற மருந்தைக் காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையாக வெளிநாடுகளில் பயன்படுத்துகிறார்கள். சிவனுக்குச் சாத்தும் ஊமத்தையில் இருப்பதும் இதே பொருள்தான். அதனால் ஒரு எச்சரிக்கை: பட்டையில் இருப்பது துல்லியமாக அளந்த மிகச் சிறு அளவு. ஊமத்தங்காயிலும் விதையிலும் இருப்பது உயிரைக் குடிக்கும் அளவு. வீட்டு வைத்தியமாக யாரும் முயலக் கூடாது.

■ பெட்டி: விண்வெளியிலும் விடவில்லை

1961 ஆகஸ்டில் பூமியை 17 முறை சுற்றிய ரஷ்ய வீரர் கெர்மன் தித்தோவ்தான் விண்வெளியில் முதன்முதலாகக் குமட்டலுக்கு ஆளானவர். போர் விமானம் ஓட்டியவர், வயது 25. விண்வெளிக்குப் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் சில நாட்கள் இந்தத் தொல்லை உண்டு. 1984 ஏப்ரலில் சல்யூட் 7 நிலையத்துக்குப் போன ராகேஷ் ஷர்மா அங்கே யோகாசனம் செய்து, எடையற்ற நிலையைச் சமாளிக்க அது உதவுகிறதா என்று பார்த்தார். பெங்களூரில் இந்திய விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிலையம் இருக்கிறது. வாந்தியால் தவிக்கும் பயிற்சி விமானிகளை வீட்டுக்கு அனுப்பாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்சிக்குப் பழக்கி மீண்டும் விமானத்தில் ஏற்றுகிறார்கள். பழக்கினால் மூளை கற்றுக்கொள்ளும். சின்னச் சின்னப் பயணமாக, அடிக்கடி போய்வரும் குழந்தைக்கும் இதே வழி பலிக்கும்.

மரியாதையும் சீட்டும்

எல்லா மருந்துக்கும் முன்னால் இருக்கிறது சீட்டு. காரிலும் வேனிலும் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தால் சாலை முழுக்கத் தெரியும், வளைவு வருவது முன்பே தெரியும், குலுக்கலும் குறைவு. ஏறக்குறைய டிரைவரின் நிலை. பஸ்ஸில் பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள வரிசைகளைத் தவிர்த்து, முன்பாதியில் சாலை தெரியும் இடமாகப் பார்க்க வேண்டும். ரயிலில் வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார வேண்டும். சென்னைக்குச் செங்கல்பட்டு வழியாகப் போகும் ரயில் பஸ்ஸைவிடச் சுற்றுதான், ஆனால் பஸ் ஒத்துக்காதவர்களுக்கு அந்தச் சுற்று நல்லது.

நம் வீடுகளில் முன்சீட்டு என்பது மரியாதை. மாமா வந்தால் மாமாவுக்கு, மாப்பிள்ளை வந்தால் மாப்பிள்ளைக்கு. பெண்களும் குழந்தைகளும் பின்னால். அதாவது, குமட்டல் அதிகம் வருகிறவர்களையெல்லாம் குமட்டல் அதிகம் வருகிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறோம். கேட்டு வாங்க அவர்களுக்குக் கூச்சம், கொடுக்க மற்றவர்களுக்குத் தோன்றுவதில்லை. மூட்டுவலிக்காரருக்குக் கீழ் பெர்த்தை விட்டுக்கொடுக்கிற அதே மனிதர்கள்தான். முன்சீட்டும் அப்படி ஒரு தேவை என்று தெரிந்தால் விட்டுக்கொடுக்க மாட்டார்களா?

சின்னக் குழந்தையை மட்டும் முன்னால் உட்கார வைக்கக் கூடாது, ஏர்பேக் விரிந்தால் ஆபத்து. பின்சீட்டில், கண்ணாடி வழியாக முன்சாலை தெரிகிற உயரத்துக்குக் குழந்தை இருக்கை போட்டு, பெல்ட்டும் போட்டு, கதை சொல்லிக்கொண்டு, தூரத்தில் தெரியும் கோபுரத்தைக் காட்டிக்கொண்டு போகலாம். கையில் போனும் கலர் புத்தகமும் வேண்டாம். யாராக இருந்தாலும் ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டக் கூடாது. ஒரு கம்பமோ எதிரே வரும் லாரியோ போதும். வாந்தி பிடிக்கப் பிளாஸ்டிக் கேரிபேக்கை நம்ப முடியாது, 2019 ஜனவரியிலிருந்து அதற்குத் தடை இருக்கிறது. மூடி போட்ட ஒரு பழைய டப்பாவும் ஈரத்துணியும் பையில் இருந்தால் அவமானமும் மிஞ்சாது, கண்டக்டரோடு சண்டையும் வராது.

■ பெட்டி: டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போது?

வண்டியைவிட்டு இறங்கிச் சில மணி நேரத்தில் தலைசுற்றல் தணிந்துவிட வேண்டும். மறுநாளும் தொடர்ந்தால், பயணமே செய்யாதபோது வந்தால், காதில் இரைச்சலோ கேட்கும் திறனில் குறையோ சேர்ந்தால் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்க்க வேண்டும். பேச்சு குழறினால், முகமோ கையோ ஒரு பக்கம் மரத்தால், பொறுக்க முடியாத தலைவலி வந்தால் ‘பஸ்ல வந்த அசதி’ என்று காத்திருக்கக் கூடாது. அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கப்பலிலோ நீண்ட பயணத்திலோ இருந்து வந்த பிறகும் தரை ஆடுவதுபோன்ற உணர்வு வாரக்கணக்கில் நீடிப்பதும் தனி நோய், அதற்கும் சிகிச்சை உண்டு.

மாலை நாலரை மணி. காந்தி சாலையில் பைகளை ஏற்றுகிறார்கள். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, கோர்வைப் புடவை. வெயில் தணிந்ததும் மாடத்தில் வைத்த விளக்குபோல மறுபடி பெண்ணின் முகத்தில் நிறம் வந்திருக்கிறது. மதியம் மோர்சாதம் மட்டும் சாப்பிட்டாள். மூன்றரை மணிக்குக் கடைக்கு எதிரே மெடிக்கலில் கேட்டு ஒரு மாத்திரையும் போட்டாயிற்று. பெரியம்மாதான் பேச்சை எடுக்கிறார். மூத்தவர் ஒரு கணம் கதவைப் பிடித்தபடி நிற்கிறார், பிறகு தன் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நடுவரிசைக்குப் போகிறார். ‘ஏறும்மா.’

செவிலிமேட்டைத் தாண்டி வண்டி பாலாற்றுப் பாலத்தில் ஏறுகிறது. இரண்டு பக்கமும் மணல், எதிரே நேராகச் சாலை, வெகுதூரத்தில் பனைமரங்கள் ஒரு கோடாக. அவள் புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு போகிறாள்.